வலது பின் சக்கரம்

மூன்றாவது டயர் வெடித்தபோது நான் கத்தவில்லை. முதல் இரண்டு தடவையும் கத்திப் பார்த்தாயிற்று. கத்துவதால் டயர் திரும்பி வந்து ஒட்டிக்கொள்வதில்லை.

வயோமிங் நெடுஞ்சாலையில் பக்கவாட்டுக் காற்று சாடிக்கொண்டிருந்த ஜூன் மாதத் திங்கட்கிழமை மதியம் அது. என் கணவன் ஹார்லன் பிக்கப் லாரியை ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து, வலது கண்ணாடியில் பின்னால் இழுத்து வரும் எங்கள் ட்ரெய்லர் வீட்டைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அதுதான் மூன்று வருஷமாக என் வேலை. முதலில் வலது பின் சக்கரத்திலிருந்து ஒரு கறுப்புப் பட்டை பிய்ந்து பறந்தது. அப்புறம் புகை. அதற்கும் அப்புறம்தான் சத்தம் கேட்டது. பதின்மூன்றாயிரம் பவுண்டு எடையுள்ள வீடு அப்படியே பக்கத்துத் தடத்துக்குள் ஆடிக்கொண்டு போயிற்று. அந்தத் தடத்தில் மாடு ஏற்றிய லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. ஹார்லன் பக்கத்து ஜன்னல் முழுக்க மாட்டு மூக்குகள். அவ்வளவு கிட்டத்தில் மாட்டு மூக்கின் ஈரத்தை நான் பார்த்ததில்லை.

எப்படியோ ஓரம் கட்டினான். இறங்கிப் போய்க் கதவைத் திறந்தால், பிய்ந்த டயர் தரையைக் கிழித்துக்கொண்டு சமையலறைக்குள் வந்து போயிருந்தது. கீழ் அலமாரி சுக்குநூறு. மாவுப் பை வெடித்து வீடெல்லாம் வெள்ளை. ஹார்லன் வாசலில் நின்று, "இந்தக் கம்பெனி டயரே சரியில்ல ஆர்டிஸ்," என்றான்.

முதல் தடவை நெப்ராஸ்காவில் வெடித்தபோதும் இதையேதான் சொன்னான். அது வேறு கம்பெனி. இரண்டாவது தடவை யூட்டாவில் வெடித்தபோதும் இதையே சொன்னான். அது இன்னொரு கம்பெனி. மூன்று தடவையும் அதே வலது பின் சக்கரம்தானே என்று கேட்டேன். சாலையோரத்து ஆணியும் கண்ணாடித் துண்டும் வலது பக்கச் சக்கரத்தில்தான் ஏறும் என்றான். நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் மரவேலை சொல்லிக்கொடுத்த வாத்தியார். எதைச் சொன்னாலும் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிற மாதிரியே சொல்லுவான். கேட்பவர்களுக்குத் தலையாட்டத் தோன்றும்.

அன்று எனக்குத் தலையாட்டத் தோன்றவில்லை. மாவு மூடிய தரையில் நின்றுகொண்டு சொன்னேன்.

"வெள்ளிக்கிழமை டுலூத்துக்கு பஸ் இருக்கு. என் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். நான் நம்புற மாதிரி டயர் இந்த வண்டிக்கு வந்தா ஏறுவேன். இல்லேன்னா நீ ஒத்தையா இழுத்துக்கிட்டு ஊர் சுத்து."

வாய்ச்சவடால் இல்லை. அன்று சாயங்காலமே போனில் டிக்கெட் எடுத்தேன். வடக்கு டக்கோட்டா வீட்டை விற்று, சாமான்களை ஏலம் விட்டு, இந்த ட்ரெய்லரே வீடு என்று கிளம்பி நாலு வருஷம் ஆகியிருந்தது. நான் இறங்கினால் அந்த வாழ்க்கை முடிந்தது. அது அவனுக்கும் தெரியும். எழுபத்துநாலு வயதுக்காரன் தனியாக ட்ரெய்லரைக் கொக்கியில் மாட்டவும் முடியாது, கழற்றவும் முடியாது. இரவில் அவன் இதயம் தாறுமாறாகத் துடிப்பதும் எனக்கு மட்டும்தான் தெரியும்.

உதிரிச் சக்கரத்தை மாட்டி, முப்பது மைல் வேகத்தில் ஊர்ந்து, கண்காட்சி மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே எங்களைப் போன்ற ட்ரெய்லர்வாசிகளின் ஆண்டுச் சந்திப்பு நடந்துகொண்டிருந்தது. நானூறு வண்டிகள். வண்டிக்கொரு டயர் வேதாந்தி.

கிழிந்த தரையைப் பார்க்க ஒவ்வொருவராக வந்தார்கள். ஆளுக்கொரு பாத்திரத்தில் ஏதாவது கொண்டுவந்தார்கள். எலுமிச்சைக் கேக், உருளைக்கிழங்கு வேகவைத்தது, முட்டைக்கோஸ் சாலட். கூடவே ஒரு கருத்தும். இந்த நாட்டில் செய்த டயரைத் தவிர வேறெதையும் தொடாதே என்றார் ஒருவர். லாரி டயரைப் போடு, ட்ரெய்லர் டயர் எல்லாமே ஏமாற்று என்றார் இன்னொருவர். லாரி டயரைப் போட்டால் வளைவில் டயரின் பக்கச்சுவர் முறுக்கிக்கொள்ளும், போடவே போடாதே என்று மூன்றாமவர் அவரோடு சண்டைக்குப் போனார். வெயில் படாமல் வெள்ளை உறை போட்டு மூடாததுதான் காரணம் என்று ஒரு அம்மாள், என் குழந்தைக்கு நான் சட்டை போடாமல் விட்ட மாதிரி என்னை முறைத்தாள்.

ஹார்லன் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான். அவனைக் குறை சொல்லக்கூடாது, இரண்டு நாள் ராப்பகலாகப் படித்தான். ட்ரெய்லர் டயர் தேய்ந்து சாவதில்லை, வயதாகித்தான் சாகிறது என்று எனக்கு விளக்கினான். பக்கச்சுவரில் கடைசி நாலு எண்கள், எந்த வருஷம் எந்த வாரம் செய்தது என்று சொல்லுமாம். சுமைக்கு ஒரு எழுத்து. நாங்கள் இதுவரை போட்டது ஒரு டயர் மூவாயிரத்து நானூறு பவுண்டு தாங்குகிற வகை. அதற்கு இரண்டு எழுத்து மேலே போனால் நாலாயிரத்து நானூறு தாங்கும்.

"அதையே போட்டுடலாம்," என்றான். "ஒரு டயருக்கு ஆயிரம் பவுண்டு கூடுதலாத் தாங்கும். அப்புறம் எதுக்கும் கவலைப்பட வேண்டாம்."

'எதுக்கும்' என்று அவன் சொன்னது அப்போது என் காதில் விழுந்தது. மனதில் விழவில்லை.

புதன்கிழமை ஊருக்குள் டயர் கடைக்குப் போனோம். ஹெர்னான் என்ற கடைக்காரர் நிதானமானவர். எங்கள் சக்கர வளையத்தைக் கழற்றி, உள்பக்கம் பொறித்திருந்த எண்ணை டார்ச் அடித்துப் பார்த்தார். பெரிய டயருக்கு நூற்றுப்பத்து பவுண்டு காற்று அடிக்க வேண்டும், அதை வளையம் தாங்க வேண்டும், இந்த வளையம் தாங்கும் என்றார். ரப்பர் வால்வு அந்த அழுத்தத்துக்கு ஆகாது என்று சொல்லி உலோக வால்வு எடுத்து வைத்தார். உதிரியோடு சேர்த்து ஐந்து டயர்களை உருட்டிக்கொண்டு வந்தார்.

நான் முட்டி போட்டு ஒவ்வொன்றிலும் அந்த நாலு எண்களைத் தேடினேன். நாலு டயர் இந்த வருஷத்தது. ஐந்தாவதில் எண்களைக் காணோம். திருப்பச் சொன்னேன். மறுபக்கம் இருந்தது. நாலு வருஷத்துக்கு முந்தையது.

"இது வேண்டாங்க," என்றேன்.

அவர் டயரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அது எப்படிக் கலந்தது என்று தனக்கே தெரியவில்லை என்று சொல்லி, உள்ளே போய் வேறு கொண்டுவந்தார். அப்புறம், "நீங்க எங்கம்மா வேலை பாத்தீங்க?" என்று கேட்டார்.

இருபத்தாறு வருஷம் தானியக் கிடங்கில் எடை மேடைக்காரி என்றேன். அறுவடைக் காலத்தில் ஒரு நாளைக்கு நூறு லாரி ஏறி இறங்கும். கோதுமைக்குக் கீழே ஈர மண்ணைப் போட்டுக் கொண்டுவருகிறவனை, அவன் ஜன்னலை இறக்குவதற்குள் கண்டுபிடித்துவிடுவேன். என்னிடம் கையெழுத்து வாங்கிய சீட்டில் 'இதர' என்ற வார்த்தை ஒருநாளும் வந்ததில்லை. வண்டியில் இருப்பதற்குப் பெயர் உண்டு, பெயரை எழுது என்பேன்.

அப்படிப்பட்டவள் என் சொந்த வீட்டை நாலு வருஷமாக எடை போடவில்லை. இதை எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது. வாங்கின புதிதில் ஹார்லன் ஒரு லாரி மேடையில் மொத்த எடை பார்த்து, சீட்டைக் கொண்டுவந்து காட்டினான். அந்த ஒரு சீட்டை நம்பி உட்கார்ந்திருந்தேன்.

புது டயர்கள் மாட்டி மைதானத்துக்குத் திரும்பினோம். சந்திப்பில் ஒவ்வொரு வருஷமும் வில்டா என்ற பெண்மணி சக்கர எடை பார்ப்பாள். முப்பது வருஷம் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவள். ஒவ்வொரு சக்கரத்துக்குக் கீழேயும் ஒரு தட்டு வைத்து, தனித்தனியாக எடை எடுப்பாள். எண்ணை வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். சீட்டில் எழுதி, மடித்து, வண்டிக்காரர் கையில் கொடுப்பாள். டாக்டர் கொடுக்கிற பரிசோதனைத் தாள் மாதிரி எல்லாரும் அதை ஓரமாகக் கொண்டுபோய்ப் பிரிப்பார்கள்.

அவளிடம் போகலாம் என்றேன். ஹார்லன் குறிப்பேட்டை மூடினான்.

"எதுக்கு? புது டயர் நாலாயிரத்து நானூறு தாங்குது. நாம நாலா வகுத்தா மூவாயிரத்து முந்நூத்துச் சொச்சம்தான் வருது. ஆயிரம் பவுண்டு மிச்சம்."

"வகுத்த கணக்கு எனக்கு வேண்டாம். எடை வேணும்."

"வாத்தியார் நான், ஆர்டிஸ்."

"எடை மேடைக்காரி நான்," என்றேன். பையிலிருந்து பஸ் டிக்கெட் அச்செடுத்த தாளை எடுத்து மேஜையில் வைத்தேன்.

அவன் எழுந்துபோய்ச் சாவியை எடுத்தான். ஆனால் வண்டியைக் கிளப்பும்போது அவன் காது மடல் சிவந்திருந்தது. அவன் பொய் சொன்னால் காது சிவக்கும். அன்று அவன் எதுவுமே சொல்லவில்லையே, பின் ஏன் சிவக்கிறது என்று யோசித்தேன். வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

வில்டா தட்டுகளைத் தள்ளினாள், குனிந்து பார்த்தாள், எழுதினாள். நாலாவது தட்டில் குனிந்தவள் நிமிரவில்லை. வண்டியை முன்னே நகர்த்தச் சொல்லித் திரும்பவும் ஏற்றச் சொன்னாள். திரும்பவும் குனிந்தாள். சீட்டை மடித்து வழக்கம் போல ஹார்லனிடம் நீட்டாமல் என் கையில் வைத்தாள்.

இடது முன் மூவாயிரத்து அறுபது. இடது பின் மூவாயிரத்து நூற்றுப்பத்து. வலது முன் மூவாயிரத்து இருநூற்று நாற்பது. வலது பின் மூவாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு.

மூவாயிரத்து நானூறு தாங்குகிற டயரில் ஏறக்குறைய ஐநூறு பவுண்டு அதிகமாக ஏற்றிக்கொண்டு, நெப்ராஸ்காவிலும் யூட்டாவிலும் இங்கேயும் எழுபது மைல் வேகத்தில் போயிருக்கிறோம். மூன்று கம்பெனிக்காரர்களையும் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறோம். டயர்மேல் ஒரு பிசகும் இல்லை.

ஹார்லன் எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். "பாத்தியா, நாலாயிரத்து நானூறுக்குள்ளதான் இருக்கு."

"சார், டயர் தாங்கும்," என்றாள் வில்டா. "அச்சு தாங்குமா? ஒரு பக்கத்துக்கு மூவாயிரத்து ஐந்நூறுதான் அதோட அளவு. அடுத்த தடவை டயர் வெடிக்காது. சக்கரமே கழண்டு ஓடும்." அப்புறம் என் பக்கம் திரும்பி, "அந்த மூலையில என்ன வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

நான் யோசித்தேன். அந்த மூலைக்கு மேலே எங்கள் படுக்கையறை அலமாரி. என் நாலு கோட்டும் அவன் தேவாலய உடுப்பும்தான். அதற்குக் கீழே, வெளியிலிருந்து திறக்கிற சாமான் அறை. அதில் தோட்டக் குழாயும் இரண்டு நாற்காலியும். அறைக்குப் பின்னால் ஒரு பலகைச் சுவர். மின்கம்பிகள் போகிற இடம், தொடாதே, ஷாக் அடிக்கும் என்று ஹார்லன் சொல்லியிருந்தான்.

அந்தப் பலகையை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கம்பெனிக்காரன் போட்ட பலகைகள் எல்லாம் ஓரம் பிசிறடித்திருக்கும். இது மட்டும் மூலையெல்லாம் இழைத்து, ஆணித்தலை தெரியாமல் மெழுகி, அவ்வளவு நேர்த்தி. மரவேலை வாத்தியாரின் கை. மூன்று வருஷமாக அது என் கண்ணெதிரே இருந்தது.

"திருப்புளியக் குடு," என்றேன்.

"ஆர்டிஸ், உள்ள போய்ப் பேசலாம்."

"திருப்புளி."

அவன் கொடுக்கவில்லை. வில்டா கொடுத்தாள். மெழுகைச் சுரண்டி எட்டுத் திருகாணியைக் கழற்ற எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. பலகை பெயர்ந்து வந்தது. உள்ளே ஒரு கம்பியும் இல்லை. நெப்ராஸ்காவில் துணி வெளுக்கும் கடையில் மறந்துவிட்டு வந்தோம் என்று அவன் சொன்ன என் நீலப் போர்வை, எதையோ சுற்றிப் பட்டையால் இறுக்கிக் கட்டியிருந்தது. ஒரு மூலையைப் பிடித்து இழுத்தேன்.

சிவப்புக் கருங்கல். மேல்முகம் கண்ணாடி மாதிரி இழைத்தது. நாலடி நீளம் இருக்கும். அதில் எங்கள் குடும்பப் பெயர், ஓல்ஸ்டாட் என்று பெரிய எழுத்தில் வெட்டியிருந்தது. நடுவில் ஒரு கோதுமைக் கதிர். இடப்பக்கம் ஹார்லன், 1949, ஒரு சின்னக் கோடு. வலப்பக்கம் ஆர்டிஸ், 1951, ஒரு சின்னக் கோடு. கோட்டுக்கு அப்புறம் வெறும் கல்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். விழவில்லை, உட்கார்ந்தேன். என் கல்லறைக் கல்லை மூன்று வருஷமாக, பத்தொன்பது மாநிலம், மலையும் பாலைவனமுமாக இழுத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். அதற்கு ஒரு கை தூரத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறேன். அந்தக் கல்தான் மூன்று டயரையும் நசுக்கிக் கொன்றிருக்கிறது. திங்கட்கிழமை அந்த மாட்டு லாரிக்காரன் இன்னும் ஒரு கை அகலம் இந்தப் பக்கம் வந்திருந்தால், அந்த இரண்டு கோட்டுக்கும் பின்னால் ஒரே தேதியை வெட்டியிருப்பார்கள். கல்லும் கையோடு தயாராக இருந்திருக்கும், யாரும் தேடி அலைய வேண்டியதில்லை.

இதற்குள் கூட்டம் கூடிவிட்டது. எலுமிச்சைக் கேக்குக்காரி, லாரி டயர்க்காரர், வெள்ளை உறை அம்மாள் எல்லாரும். மூன்று நாளாக எல்லாவற்றுக்கும் கருத்து வைத்திருந்தவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. ஒருவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். அதைப் பார்த்து எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நான் இன்னும் சாகவில்லை, தொப்பியைப் போடுங்கள் என்றேன். வில்டா எல்லாரையும் அந்தண்டை தள்ளிக்கொண்டு போனாள்.

ஹார்லன் என் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தான். தன் அண்ணன் டெல்மர் கல் பட்டறையை மூடும்போது கடைசியாக வெட்டியது என்றான். எனக்குப் பல் பிடுங்கின அன்றைக்கு, நான் மயக்க மருந்தில் கிடந்தபோது, டெல்மரின் தூக்கு வண்டியால் ஏற்றினார்களாம். என்னிடம் சொல்ல பயமாக இருந்ததாம். அதுவும் உண்மைதான். முன்பு ஒரு தடவை கல்லறை நிலம் வாங்குவது பற்றி அவன் பேச்செடுத்தபோது, ஈரத் துணியை அவன் முகத்தில் வீசியிருக்கிறேன்.

குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தேன். எடைப் பக்கம். தண்ணீர், எரிவாயு, கருவிகள், பாத்திரம். கடைசி வரியில் 'இதர – 560'. அதையும் சேர்த்துக் கூட்டி, நாலால் வகுத்து, மூவாயிரத்து முந்நூற்று இருபத்தைந்து என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தான். கல் நாலு சக்கரத்திலும் நடந்து நடந்து உட்காரும் என்று நினைத்தானோ என்னவோ.

"உனக்கு இது தெரியாம இருந்துச்சா?" என்று கேட்டேன். "உண்மையைச் சொல்லு. கல்லுதான் காரணம்னு உனக்குத் தோணவே இல்லையா?"

புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். காது சிவக்கவில்லை.

"ரெண்டாவது வெடிச்சப்ப சந்தேகம் வந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் நல்ல டயரா வாங்கினேன்."

கல்லைப் பார்த்தபோதுகூட எனக்கு அப்படி ஆகவில்லை. இது உள்ளே இறங்கி எங்கேயோ இடித்தது. நாற்பத்தேழு வருஷம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்வதைவிட, நாலாயிரம் பவுண்டு தாங்குகிற டயரைத் தேடுவது அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. இரண்டு நாள் ராப்பகலாகப் படித்ததெல்லாம் எனக்காக இல்லை. அந்தப் பலகை பலகையாகவே இருப்பதற்காக. யூட்டாவிலிருந்து வயோமிங் வரை, ஒரு வருஷமும் சொச்சமும், கண்ணாடியில் அந்தச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தது நான். அதன்மேல் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு ஓட்டியது அவன்.

"நீ என்னைக் கொன்னிருப்ப ஹார்லன்," என்றேன். குரல் உயரவில்லை.

"ஆமா," என்றான். "ரெண்டு பேரையும்."

அப்புறம் ஏன் இழுத்துக்கொண்டு அலைந்தாய், டெல்மர் ஊரிலேயே ஒரு இடம் பார்த்து நட்டிருக்கலாமே என்று கேட்டேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில், இந்தக் கேள்விக்குப் பதில் எனக்கே தெரியும் என்று நினைத்திருந்தான் போலிருந்தது.

"ஒவ்வொரு ஊர்லயும் கேட்டேனே. நீதான் அடுத்ததைப் பாப்போம்னு சொன்ன."

கேட்டான். அவன் கேட்டதை மறுக்க முடியாது. மூன்று வருஷமாக, எங்கே நிறுத்தினாலும், சாயங்காலம் இரண்டு நாற்காலியைப் போட்டுவிட்டு, இந்த இடம் உனக்குப் பிடிச்சிருக்கா என்று கேட்பான். ஓரிகான் கடற்கரையில், கொலராடோ ஏரிக்கரையில், டெக்சாஸில் ஒரு பருத்திக் காட்டு ஓரத்தில்கூடக் கேட்டான். திரும்ப ஒரு வீடு வாங்க ஆசைப்படுகிறான் என்று நினைத்து நான் பிடிகொடுக்காமலே இருந்தேன். மோசமில்லை, அடுத்ததைப் பார்ப்போம் என்பேன். சரி என்று எழுந்துபோய்க் காபி போடுவான். ஒவ்வொரு தடவையும் அவன் கல்லை இறக்கலாமா என்று கேட்டிருக்கிறான். ஒவ்வொரு தடவையும் நான் அதைத் திரும்ப அந்தச் சக்கரத்தின் மேலேயே ஏற்றியிருக்கிறேன்.

இதனால் அவன் செய்தது சரியாகிவிடாது. சொல்லாமல் கேட்கிற கேள்விக்கு என்ன பதில் சொல்ல முடியும்? ஆனாலும் அழுகை வந்தது. கோபத்தில் பாதி, எதில் மீதி என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை மைதானத்தின் தூக்கு வண்டியை இரவல் வாங்கினேன். கல்லை மாற்றி வைப்பதா, எறிவதா என்று வில்டா கேட்டாள். எறிவதற்கு அதில் என் பெயர் இருக்கிறதே என்றேன். ட்ரெய்லரின் முன்பக்கம், நட்டநடுவில், சுமை பிக்கப்பின்மேல் இறங்குகிற இடத்தில் வைத்து, நாலு பட்டையால் கட்டினோம். வில்டா பிக்கப்பையும் சேர்த்து எடை பார்த்தாள். வலது பின் சக்கரம் மூவாயிரத்து இருநூற்று முப்பது. மற்ற மூன்றும் அதற்குக் கீழே. புது டயரில் தாராளமாக இடம் இருந்தது, அச்சிலும் இருந்தது.

குறிப்பேட்டில் 'இதர' என்பதை அடித்துவிட்டு, 'எங்கள் கல்லறைக் கல், முன்பக்கம், நடுவில், 560' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஹார்லனையும் போடச் சொன்னேன். போட்டான்.

வெள்ளிக்கிழமை காலை பஸ் கிளம்புகிற நேரத்தில் அவன் பிக்கப்பின் பக்கத்தில் சாவியோடு நின்றுகொண்டிருந்தான். வருகிறாயா என்று கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை. நான் போய் அவன் கையிலிருந்து சாவியை எடுத்தேன்.

"நான் ஓட்டறேன். நீ அந்தப் பக்கம் உக்காரு. கண்ணாடியப் பாத்துக்கிட்டு வா."

பதினைந்து வயதிலேயே அப்பாவின் கோதுமை லாரியை ஓட்டியவள் நான். ட்ரெய்லரை ஓட்ட அவன் விட்டதில்லை, நானும் கேட்டதில்லை. நெடுஞ்சாலையில் ஏறினேன். காற்று அடித்தது. லாரிகள் கடந்தன. ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் அவன் கை கதவுப் பிடியில் இறுகியது. நூற்றுத்தொண்ணூறு மைல், அவன் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சாலையோரத்தில் யாரோ விட்டுப்போன டயர் துண்டு ஒன்று கிடந்தது. அதைத் தாண்டியபோது அவன் மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்குக் கேட்டது.

மொன்டானாவில் ஒரு ஆற்றங்கரையில் நிறுத்தினோம். வெயில் இன்னும் இறங்கவில்லை. நான் சுற்றி வந்து ஒவ்வொரு டயரிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். வலது பின் டயர் மற்ற மூன்றைப் போலவே இளஞ்சூடாக இருந்தது.

ஹார்லன் இரண்டு நாற்காலியைப் போட்டான். முகம் வெளுத்திருந்தது.

"மூணு வருஷமும் நீ இப்படித்தான் உக்காந்துட்டு வந்தியா?" என்று கேட்டான்.

"ஆமா."

அதற்குமேல் ஏதாவது சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பேன். ஆறு ஓடிக்கொண்டிருந்தது. அக்கரையில் புல்வெளி, அதற்குப் பின்னால் நீல மலைகள். நல்ல இடம். வழக்கமாகக் கேட்கிற நேரம் வந்தது, போயிற்று. அவன் கேட்கவில்லை.

"கேளு," என்றேன்.

"பயமா இருக்கு."

"கேளு ஹார்லன்."

ஆற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "இந்த இடம் உனக்குப் பிடிச்சிருக்கா?"

என்ன கேட்கிறான் என்று தெரிந்துகொண்டு, முதல் தடவையாக, நான் அந்த இடத்தைச் சுற்றிப் பார்த்தேன். ஆற்றை, புல்லை, காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது என்பதை. ரொம்ப நேரம் பார்த்தேன்.

"இங்க வேண்டாம்," என்றேன். "நாளைக்கும் நான்தான் ஓட்டுவேன்."